எங்களுக்குப் புரியாது என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்

வீடியோ கேம்களை உருவாக்கி, சொந்த நாட்டு எல்லை தாண்டி அனுப்பும் நிறுவனங்களில் முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் கேம்களை, அவை பிறந்த மொழி தெரியாமலும், அவை காட்டும் ஊர்களை நேரில் பார்க்காமலும் விளையாடுகிறவள் நான். என்னைப் போன்றவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறோம். ஒரு கேம் எங்களிடம் வந்து சேரும் முன் உங்கள் அலுவலகத்தில் சில கேள்விகள் எழுகின்றன. அந்த நாட்டுக்காரர்களுக்கு இது புரியுமா, பிடிக்குமா, யாராவது கோபப்படுவார்களா? நியாயமான கேள்விகள்தான். ஆனால் பல நேரங்களில் பதில் சொல்லும் இடத்தில் அந்த நாட்டுக்காரர் ஒருவர்கூட இருப்பதில்லை. அவர் இல்லாமலே சில காட்சிகளை வெட்டிவிடுகிறீர்கள், சில பெயர்களை மாற்றிவிடுகிறீர்கள், சில கேம்களை எங்கள் பக்கம் அனுப்புவதே இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அப்படி ஒருவர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1986-இல் ஜப்பானில் வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ் 2’ கேமை, நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளையில் வேலை பார்த்த ஹோவர்டு பிலிப்ஸ் விளையாடிப் பார்த்தார். முதல் கேமில் மரியோவைப் பெரியவனாக்கிய காளானைப் போலவே தோன்றும் ஒன்று இதில் விஷம். முன்னேறிவிட்டோம் என்று நம்பி நுழைந்தால், பழைய கட்டத்துக்கே திருப்பி அனுப்பும் வழிகளும் உண்டு. இதில் சந்தோஷம் இல்லை என்பது அவர் கருத்து. நிறுவனம் அவர் பேச்சைக் கேட்டது. ‘டோக்கி டோக்கி பேனிக்’ என்ற வேறொரு ஜப்பானிய கேமில் மரியோவையும் அவன் கூட்டாளிகளையும் பொருத்தி, 1988-இல் அதே ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ் 2’ பெயரில் அமெரிக்காவில் வெளியிட்டது. அது நல்ல கேமாகவே அமைந்தது. 1992-இல் ‘சூப்பர் மரியோ யுஎஸ்ஏ’ என்று ஜப்பானுக்கும் திரும்பிப் போனது. இந்த மாற்றத்தை நான் குறை சொல்லமாட்டேன். கேமை ஆடப்போகும் மண்ணைச் சேர்ந்த ஒருவர், கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் எடுத்து, விளையாடிப் பார்த்துவிட்டுச் சொன்ன முடிவு அது.

‘மதர் 2’ கேமுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஷிகேசாட்டோ இட்டோய் என்ற ஜப்பானிய எழுத்தாளர், அமெரிக்காவைப் போன்ற ஒரு கற்பனை நாட்டில், பேஸ்பால் மட்டையோடு உலகைக் காப்பாற்றக் கிளம்பும் சிறுவனின் கதையாக அதை உருவாக்கினார். 1994-இல் ஜப்பானில் வந்தது. 1995-இல் ‘எர்த்பவுண்ட்’ என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. அமெரிக்கத் தெருக்களையும் வீடுகளையும் அன்போடு கேலி செய்யும் அந்தக் கதையை அமெரிக்கர்களிடம் கொண்டுபோவது கடினமாக இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் விற்க வந்தவர்கள் அந்தக் கேமில் இருந்த ஈரத்தை நம்பவில்லை. இந்த கேம் நாறுகிறது என்று விளம்பரம் எழுதி, சுரண்டினால் நாற்றம் வரும் அட்டைகளைப் பத்திரிகைகளில் வைத்தார்கள். அங்கே விற்றது சுமார் 1,40,000 பிரதிகள். 2006-இல் ஜப்பானில் வந்த ‘மதர் 3’ இன்றுவரை ஆங்கிலத்தில் முறையாக வெளியாகவில்லை. 2008-இல் ரசிகர்களே ஒன்றுகூடி அதை மொழிபெயர்த்தார்கள்.

அமெரிக்கர்களுக்குப் பிடிக்கவில்லை என்று இதைக் கணக்கில் எழுதிவிடுவது சுலபம். அவர்களிடம் காட்டியது கேமை அல்ல, நாற்றத்தைத்தான். அந்த கேமின் ரசிகர் வட்டத்தில் வளர்ந்த டோபி ஃபாக்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் 2015-இல் ‘அண்டர்டேல்’ கேமை வெளியிட்டார். மதர் வரிசையின் சாயல் அதில் அப்படியே தெரியும். அது ஜப்பானியர்களிடம் பெரிய அன்பைப் பெற்றது. தோற்றுப்போனதாக மூடிவைத்த ஒரு ஏற்றுமதி, இருபது ஆண்டு கழித்து இப்படித் திரும்பிச் சென்றது. முதல் ஆறு மாத விற்பனையை வைத்து ஒரு நாட்டின் ரசனைக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள் என்று நான் கேட்பது இதனால்தான்.

ஜப்பானிய நிறுவனமான செகாவின் ‘யகுசா’ வரிசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யகுசா என்பது ஜப்பானின் தாதா கும்பல்களைக் குறிக்கும் சொல். டோக்கியோவின் கபுகிச்சோ பகுதியைப் பார்த்து உருவாக்கிய கமுரோச்சோ என்ற கற்பனைப் பேட்டையில் நடக்கும் கதை. அதைவிட ஜப்பானியத் தன்மை கொண்ட கேமை யோசிப்பது கஷ்டம். முதல் பாகம் 2005-இல் ஜப்பானில் வந்தது. மறு ஆண்டு ஆங்கிலத்துக்கு வந்தபோது, மார்க் ஹாமில் உள்ளிட்ட பெயர்பெற்ற நடிகர்களை வைத்து டப்பிங் செய்தார்கள்; ஜப்பானியக் குரலில் கேட்கவே வழியில்லை. பெரிதாக எடுபடவில்லை. 2010-இல் மூன்றாம் பாகம் மேற்கே வந்தபோது மாஜோங் என்ற வில்லை விளையாட்டு, ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கம், ஜப்பானியப் பொது அறிவு வினாடி வினா, பெண்கள் வாடிக்கையாளர்களோடு உட்கார்ந்து பேசும் ஹோஸ்டஸ் கிளப் காட்சிகள் எல்லாம் வெட்டுப்பட்டிருந்தன. வெளியே இருப்பவர்களுக்கு இவை ஒட்டாது என்ற எண்ணம்தான். வாங்கியவர்களோ, எங்களுக்கு ஏன் அரைகுறையாகக் கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள்.

பிறகு 2017-இல் ‘யகுசா 0’ மேற்கே வந்தது. ஜப்பானியக் குரல், ஆங்கில சப்டைட்டில், மாஜோங், ஷோகி, கராவோக்கே என எல்லாமே இருந்தன. அந்த வரிசைக்கு வெளிநாடுகளில் உண்மையான கூட்டம் சேர்ந்தது அந்த கேமில் இருந்துதான். நானும் அதில்தான் நுழைந்தேன். அதில் ஒரு கிளைக்கதை வரும். காலம் 1988. அப்போதுதான் வந்த புது கேம் ஒன்றை ஆசை ஆசையாக வாங்கிக்கொண்டு வரும் சிறுவனிடமிருந்து ஒருவன் அதைப் பறித்துவிடுகிறான். நம் நாயகன் கிர்யு துரத்திப் பிடிக்கும்போது, பறித்தவனிடமிருந்து இன்னொருவன் பறித்திருப்பான், அவனிடமிருந்து மற்றொருவன். கடைசியில் அது அந்தச் சிறுவனுடைய அப்பாவின் கையில் இருக்கும். மகனுக்குக் கொடுத்து அவன் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும் என்பதற்காக அவரும் பிடுங்கியிருப்பார். யாரிடமிருந்து போனது என்பது அவருக்குத் தெரியாது.

அந்த ஆண்டு பிப்ரவரியில் ‘டிராகன் குவெஸ்ட் 3’ வெளியானபோது ஜப்பானியக் கடைவாசல்களில் நின்ற நீண்ட வரிசைகளும், வாங்கியவர்களிடமிருந்து நடந்த பறிப்புகளும் அந்தக் காட்சிக்குப் பின்னால் இருக்கின்றன. ஜப்பானில் வளர்ந்தவர் அதைப் பார்த்ததும் புரிந்துகொண்டு சிரித்திருப்பார். எனக்கு அந்தச் சங்கதி வெகு காலம் கழித்தே தெரியவந்தது. தெரியாமல் விளையாடிய அன்றும் அந்த அப்பா என்னை விடவில்லை. புரியாத பகுதி ஒன்று இருந்தால் அந்நியர் ஓடிவிடுவார் என்று நினைக்கிறீர்கள். புரியாததை ஓரமாக வைத்துக்கொண்டு, புரிந்ததைப் பிடித்துக்கொண்டு மேலே போக எங்களுக்குத் தெரியும். சிறு வயதிலிருந்தே அயல் மொழி கேம்களை அப்படித்தான் விளையாடி வந்திருக்கிறோம். 2019-இல் மூன்றாம் பாகத்தை மறுபடி வெளியிட்டபோது வெட்டியதில் பெரும்பகுதியைச் செகாவே திரும்பச் சேர்த்தது. அந்த நிறுவனம் கற்றுக்கொண்டதை மற்றவர்களும் கற்றுக்கொள்ள வேண்டும்.

எல்லாத் தோல்வியும் ரசனையால் வருவதும் இல்லை. கேப்காமின் ‘மான்ஸ்டர் ஹண்டர்’ ஜப்பானில் கொடிகட்டிப் பறந்தது பிஎஸ்பி என்ற கையடக்கக் கருவியில். நண்பர்கள் நேரில் கூடி, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, வயர்லெஸ் இணைப்பில் சேர்ந்து வேட்டையாடினார்கள். அப்படிக் கூடும் வழக்கம் குறைந்த இடங்களில், வீட்டில் தனியாக இருப்பவருக்கு அதே கேம் வறண்டு தெரிந்தது. மேற்கத்தியர்களுக்கு இது சரிப்படாது என்ற பேச்சு பல ஆண்டு ஓடியது. 2018 ஜனவரியில் ‘மான்ஸ்டர் ஹண்டர்: வேர்ல்ட்’ உலகம் முழுக்க ஒரே நாளில், வேறு வேறு நாட்டில் இருப்பவர்களும் இணையவழியில் சேர்ந்து ஆடும்படி வந்தது. கேப்காமின் வரலாற்றிலேயே அதிகம் விற்ற கேம் அதுதான். வேட்டை மாறவில்லை, ஆயுதங்களின் கனம் மாறவில்லை. சேர்ந்து விளையாடுவது எளிதானது, அதுதான் பெரிய வித்தியாசம்.

தென் கொரியாவில் ‘ஸ்டார்கிராஃப்ட்’ பெற்ற வாழ்வும் அப்படி. 1998-இல் வந்த அமெரிக்க கேம் அது. 1997 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு தெருவுக்குத் தெரு திறந்த பிசி பாங் என்ற கணினி நிலையங்கள், வேகமாகப் பரவிய பிராட்பேண்ட், ஜப்பானியப் பண்பாட்டுப் பொருள்கள் மீது அதுவரை நீடித்த இறக்குமதித் தடையால், டிவியில் இணைத்து விளையாடும் கன்சோல் கருவிகள் வேரூன்றாத நிலை என எல்லாம் ஒன்றுசேர்ந்து, தொலைக்காட்சியில் போட்டி ஒளிபரப்பும் அளவுக்கு அதை வளர்த்தன. விண்வெளி வீரர்களைப் பற்றிய கதை கொரியர்களின் மரபுக்கு நெருக்கமா என்று எந்தக் கூட்டத்தில் கேட்டிருந்தாலும் இதை ஊகித்திருக்க முடியாது.

இத்தனையும் சொன்னதால், எதையும் மாற்றாதீர்கள், யார் மனம் புண்பட்டாலும் பரவாயில்லை என்று நான் கேட்பதாக எண்ண வேண்டாம். வித்தியாசமாக இருப்பதை அயல்நாட்டு விளையாட்டாளர் பொறுத்துக்கொள்வார், அலட்சியத்தைப் பொறுக்கமாட்டார். 2009-இல் வந்த ‘கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2’ கராச்சி நகரத்தைக் காட்டியது. கடைப் பலகைகளில் உருது இல்லை, அரபி இருந்தது. கராச்சியில் பிறந்த யாரையாவது ஒரு முறை திரையைப் பார்க்கச் சொல்லியிருந்தால் போதும். அதே வரிசையில் 2021-இல் வந்த ‘வேன்கார்டு’ கேமில் குர்ஆன் பக்கங்கள் தரையில் இறைந்து கிடந்தன; நிறுவனம் மன்னிப்புக் கேட்டு நீக்கியது. இது புதிதாக வந்த பாடமும் இல்லை. 2003-இலேயே ‘ககுட்டோ சோஜின்’ என்ற சண்டை கேமில் குர்ஆன் ஓதும் ஒலி இருந்ததால் மைக்ரோசாஃப்ட் அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. 2008-இல் சோனியின் ‘லிட்டில்பிக்பிளானட்’, ஒரு பாடலில் குர்ஆன் வரிகள் வந்ததால் உலகம் முழுக்கத் தள்ளிப்போனது.

அந்தக் கடைசிச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாடலை உருவாக்கிய மாலி நாட்டுக் கலைஞர் தூமானி ஜியாபாத்தேயே ஒரு முஸ்லிம். அவர் மண்ணில் இறைமொழியை இசையோடு பாடுவது வழக்கம். வேறிடத்து முஸ்லிம்களில் சிலருக்கு அது மனவருத்தம் தரக்கூடியது. ஒரு மதம், ஒரு நாடு என்றால் ஒரே கருத்து என்று எண்ணிவிட முடியாது. ஒரே ஒரு ஆலோசகரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போவதும் அதனால்தான் போதாது.

இதற்கு ஜப்பானையே களமாகக் கொண்ட, ஆனால் வெளியில் உருவான இரண்டு கேம்களை ஒப்பிட்டுப் பாருங்கள். 2020-இல் சக்கர் பன்ச் என்ற அமெரிக்க நிறுவனம் ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ கேமை வெளியிட்டது. 1274-இல் மங்கோலியர் படையெடுத்த தீவைப் பற்றியது. அதில் அமைதியான இடங்களில் நாயகன் உட்கார்ந்து கவிதை சொல்வான். நாம் பார்வையைத் திருப்பி, மலையையோ நீரையோ இலையையோ தேர்ந்தெடுத்தால் அதற்கேற்ப ஒரு வரி வரும். ஆங்கிலப் பதிப்பில் அதை ஹைக்கூ என்றார்கள். ஹைக்கூ வடிவம் பிறந்தது அதற்குச் சில நூற்றாண்டுகள் பின்னால். ஜப்பானியப் பதிப்பிலோ அது அந்தக் காலத்துக்குப் பொருந்தும் வாகா பாவகையாக மாறியிருந்தது. ஜப்பானியத் தரப்பிலிருந்து யாரோ ஒருவர் இதைக் கவனித்திருக்கிறார். அவர் சொன்னதை மேலிடத்தில் கேட்டிருக்கிறார்கள். அதில் வரும் வாளும் கவசமும் காலத்துக்குச் சரியாக ஒட்டவில்லைதான். ஆனாலும் பழைய சாமுராய்ப் படங்களின் மேல் அதை உருவாக்கியவர்களுக்கு இருந்த உண்மையான காதலை ஜப்பானிய விளையாட்டாளர்கள் கண்டுகொண்டார்கள். ஃபாமிட்சு என்ற ஜப்பானிய கேம் இதழ் 40-க்கு 40 கொடுத்தது. கேமை இயக்கிய இருவரைச் சுஷிமா நகரம் 2021-இல் தன் சுற்றுலாத் தூதர்களாக அறிவித்தது. புயலில் விழுந்த ஒரு ஆலயத்தின் தோரி வாயிலைத் திரும்ப எழுப்ப அந்தத் தீவில் பணம் திரட்டியபோது, கேமின் ரசிகர்கள் வந்து குவித்தார்கள்.

2025 மார்ச்சில் வந்த யுபிசாஃப்டின் ‘அசாசின்ஸ் கிரீட் ஷேடோஸ்’ பட்ட பாடு வேறு. அவர்களிடம் ஆலோசகர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு வரலாற்று மீட்டுருவாக்கக் குழுவின் கொடி, அனுமதி கேட்காமல் யுபிசாஃப்டின் ஓவியத்தில் இடம்பெற்றது; அதற்கு 2024-இல் மன்னிப்புக் கேட்டார்கள். கேமை ஒட்டி விற்க இருந்த ஒரு பொம்மையில் பாதி உடைந்த, ஒற்றைக் கால் தோரி இருந்தது. நாகசாகியில் அணுகுண்டுக்குத் தப்பி நிற்கும் வாயிலை அது நினைவூட்டியதால் அந்தப் பொம்மையைத் திரும்பப் பெற்றார்கள். ஆலயத்தின் உள்ளே பொருள்களை அடித்து நொறுக்க முடிகிறது என்ற பேச்சு ஜப்பானிய நாடாளுமன்றம் வரை போனது. வெளியீட்டு நாளிலேயே பேட்ச் என்ற திருத்தக் கோப்பைப் போட்டு அதை மாற்ற வேண்டியதாயிற்று. அந்தக் கேமின் மேல் விழுந்த எல்லா வசையையும் நான் நியாயம் என்று சொல்லமாட்டேன். அதில் நிறைய வெறுப்பு, குறிப்பாக யாசுகே என்ற கறுப்பின வீரனை நோக்கி வீசப்பட்டது. அதைத் தனியாக ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், கொடி, பொம்மை, ஆலயம் மூன்றும் மிஞ்சுகின்றன. இவற்றில் முதல் இரண்டும் கேமுக்கு உள்ளே இல்லை, விளம்பரத்திலும் வணிகத்திலும் இருந்தன. கதை எழுதுகிறவரோடு ஆலோசகரின் வேலை முடிந்துவிட்டால் இப்படித்தான் ஆகும். சுவரொட்டி, பொம்மை, முன்னோட்டம் எல்லாமே அவர் கண்ணில் பட வேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால், வெளியீட்டுத் தேதி தள்ளிப்போனாலும் அது நிற்க வேண்டும்.

சட்டம் வந்து கையைக் கட்டும் இடங்கள் உண்டு. ஜெர்மனியில் ஸ்வஸ்திகா தடையால் 1994-இல் ‘உல்ஃபென்ஸ்டைன் 3டி’ பறிமுதலுக்கு உள்ளானது; 2017-இல் அதே வரிசையின் புதிய பாகத்தில் ஹிட்லருக்கு மீசையே இல்லை. 2018 ஆகஸ்டில், திரைப்படங்களுக்குப் போலவே கேம்களுக்கும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று அங்குள்ள தரநிர்ணய அமைப்பு தளர்த்தியது. சட்டம் சொல்வதற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது. சட்டமே இல்லாத இடத்தில், பயத்தால் நீங்களாகச் செய்வதைப் பற்றித்தான் என் முறையீடு.

‘ஃபால்அவுட் 3’ கேமை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியப் பதிப்பில் ‘ஃபேட் மேன்’ என்ற ஆயுதத்தின் பெயரை மாற்றினார்கள். நாகசாகியில் 1945 ஆகஸ்ட் 9 அன்று விழுந்த குண்டின் பெயர் அது. மாற்றியது சரி என்பேன். ஆனால் ஒரு ஊரையே அணுகுண்டால் அழிக்கலாமா, காப்பாற்றலாமா என்று விளையாடுபவரிடமே விடும் கட்டத்தில், அழிக்கும் வழியை அங்கே எடுத்துவிட்டார்கள். அந்தப் பாவத்தைச் செய்ய முடிந்தும் செய்யாமல் விடுவதில்தான் அந்தக் காட்சியின் கனமே இருக்கிறது. ஜப்பானியர்களுக்கு அந்தக் கனம் தெரியாதா? இந்தியாவிலோ 2008-இல் அந்த கேமையே மைக்ரோசாஃப்ட் வெளியிடவில்லை. பண்பாட்டு உணர்வுகள் என்று பொதுவாகச் சொன்னார்களே தவிர, எது, யாருக்கு, ஏன் என்று விளக்கவில்லை. இரட்டைத் தலை மாடுகளுக்கு அதில் வைத்த ‘பிராமின்’ என்ற பெயர்தான் காரணம் என்று விளையாடுபவர்கள் தாங்களே ஊகித்துக்கொண்டார்கள். ஒரு பெயர்தான் சிக்கல் என்றால் அதைப் பற்றிப் பேசியிருக்கலாம். பேசாமல் கதவைச் சாத்துவது மரியாதை ஆகாது.

பொறுப்பை உள்ளூர்க்காரர்களிடம் முழுதாகக் கொடுத்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். பிரேசிலில் செகாவின் கூட்டாளியான டெக்டாய், 1991-இல் ‘வொண்டர் பாய் இன் மான்ஸ்டர் லேண்ட்’ கேமை எடுத்து, அந்நாட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த மோனிகா என்ற காமிக்ஸ் சிறுமியை நாயகியாக்கியது. வாளுக்குப் பதில் அவள் கையில் அவளுடைய முயல் பொம்மை. அதைச் சுழற்றித்தான் எதிரிகளை அடிப்பாள். போலந்தில் 1999-இல் ‘பால்டர்ஸ் கேட்’ கேமை விற்க வந்த சிடி புரொஜெக்ட், திருட்டுப் பிரதிகள் மலிந்த சந்தையில், பெயர்பெற்ற போலந்து நடிகர்களின் குரலோடும் வரைபடத்தோடும் அதை முழுமையாகப் போலிஷ் மொழியில் கொடுத்தது. மக்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். அந்த நிறுவனம்தான் பிறகு ஸ்லாவியக் கதைகளின் பேய்களையும் கிராமங்களையும் கொஞ்சமும் நீர்க்கச் செய்யாமல் ‘தி விட்சர் 3’ கேமில் வைத்து உலகத்துக்கு விற்றது. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றி 2023-இல் வந்த ‘வெண்பா’ கேம் மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியபோது, அதை விளையாடி நெகிழ்ந்தவர்களில் தமிழே கேட்டிராதவர்கள் எத்தனையோ பேர்.

இனி மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றி. வெளிநாட்டில் உங்கள் கேமின் குரலே அவர்கள்தான். அவர்கள் கைக்கு வருவதோ பெரும்பாலும் ஒரு எக்செல் கோப்பு. ஒரு கட்டத்துக்கு ஒரு வரி, முன்பின் தொடர்ச்சி இருக்காது. சொல்பவர் ஆணா பெண்ணா, பெரியவரா சிறுவனா, அரசனிடம் சொல்கிறாரா எதிரியிடமா, எதுவும் தெரியாது. மரியாதைக்கும் உரிமைக்கும் தனித்தனி வினைமுற்று உள்ள மொழிகளில் இது தெரியாமல் ஒரு வரிகூட எழுத முடியாது. எழுத்துரு விஷயமும் அப்படியே. வலமிருந்து இடம் போகும் அரபிக்கும், எழுத்துகள் ஒன்றோடொன்று சேரும் தமிழ் போன்ற மொழிகளுக்கும் இடம் வைக்காமல், கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருளான என்ஜினைக் கட்டிவிட்டு, கடைசி மாதத்தில் மொழி சேர்க்கச் சொன்னால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்து சிதறித்தான் நிற்கும். இத்தனைக்கும் பிறகு, கேம் முடிந்து ஓடும் பெயர்ப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லாமல் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்த கேமை வேறொரு நாட்டுக்கு அனுப்பும்போது, அந்த நாட்டுக்காரர்கள் சிலரைக் கதை எழுதும் காலத்திலேயே சம்பளம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் போதாது, ஒருவரோடொருவர் உடன்படாத இரண்டு மூன்று பேர் வேண்டும். எங்கள் பதிப்பில் எதை மாற்றினீர்கள், எதை எடுத்தீர்கள், எதனால் என்பதை வாங்கும் முன்பே நாங்கள் படிக்கும்படி வெளியிடுங்கள். மூலக் குரலையும் வெட்டாத உள்ளடக்கத்தையும் தேர்ந்தெடுக்கும் வசதியை, சட்டம் தடுக்காத எல்லா இடங்களிலும் கொடுங்கள். மொழிபெயர்ப்பாளருக்கு எக்செல் கோப்போடு ஓடும் கேமையும் கொடுங்கள், அவர் பெயரையும் பட்டியலில் போடுங்கள். வெளிநாட்டில் ஓடாது என்று நீங்கள் அலமாரியில் வைத்திருக்கும் கேம்களில் ஒன்றையாவது, எதையும் வெட்டாமல், நல்ல சப்டைட்டிலோடு இந்த ஆண்டு வெளியே விடுங்கள். வாங்கி விளையாடிப் பார்த்துவிட்டு, பிடித்ததா இல்லையா என்று நாங்களே உங்களுக்கு எழுதுகிறோம்.

அன்புடன்,
அயல்நாட்டு விளையாட்டாளர்களில் ஒருத்தி